நன்றிக்குப் பத்து மார்க்

போன மாதம் நம் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் ஒரு கேள்வி போட்டிருந்தான். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவுக்கும் முழங்கால் வலித் தைலத்துக்கும் நடுவில் அது கிடந்தது. 'நம்ம மணியடிக்கிற பியூன் அண்ணாச்சி திடீர்னு ஒருநாள் காணாமப் போனாரே, ஏன்னு யாருக்காவது தெரியுமாலே?'

ஆளுக்கொரு பதில் போட்டீர்கள். சிலோனுக்குக் கள்ளத்தோணி ஏறிவிட்டார் என்றான் ஒருவன். குடித்துவிட்டு வந்து மாட்டிக்கொண்டார் என்றான் இன்னொருவன். அதற்கு மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். நான் ஒரு சிரிக்கிற பொம்மை போட்டேன். ஐம்பது வருடத்துக்கு மேலாக உங்களுக்குக் கோமாளி வேலை பார்க்கிறவன் வேறு என்ன போடுவான்?

அவர் குடிக்க மாட்டார். சிலோனுக்கும் போகவில்லை. அவரை அனுப்பி வைத்தவன் நான்.

இத்தனை வருடம் வாயைத் திறக்காதவன் இப்போது எழுத உட்கார்ந்ததற்கு என் பேத்திதான் காரணம். நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிறர்மேல் எவ்வளவு நன்றியுணர்வு இருக்கிறது என்று அளக்கிற தாளாம். 'எனக்கு உதவியவர்', 'அவர் செய்த உதவி' என்று கட்டம் போட்டு, பக்கத்தில் ஐந்து மஞ்சள் முகம். முதல் முகம் அழுகிறது, ஐந்தாவது முகத்துக்கு வாயெல்லாம் பல். பொருத்தமான முகத்தில் வட்டம் போட வேண்டும். தலைப்பைப் படித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்றேன். மருமகள் வாயு என்று நினைத்து மாத்திரை கொடுத்தாள். விழுங்கினேன். அது வாயு இல்லை.

என்னை ஏன் 'பத்து மார்க்' என்று கூப்பிடுகிறீர்கள் என்பது உங்களில் பாதிப் பேருக்கு மறந்திருக்கும். கணக்கில் வாங்கியது என்று யாராவது நினைத்தால், அந்தப் புண்ணியவானுக்கு என் நன்றி. முழுக் கதை இதுதான்.

அந்த வருடம் அப்பாவுக்குத் துறைமுகத்துப் பக்கம் உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் வேலை. மூட்டை ஏறுவதையும் இறங்குவதையும் சரிபார்க்கிற கணக்கப்பிள்ளை. விடியுமுன்னே போய்விடுவார். எட்டரை மணிக்கு நான் அவருக்குக் காலைச் சாப்பாடு கொண்டு போக வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு தூக்குப்போணி. மதியச் சோறும் அதில்தான் போக வேண்டும் என்பதால், அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, வாங்கி, வீட்டில் போட்டுவிட்டு ஓட வேண்டும். அப்பாவோ இட்லியை இட்லியாக நினைக்க மாட்டார். ஒவ்வொரு வாயையும் யோசித்து மெல்லுவார். நான் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பேன். உதட்டில் உப்பு படிந்து கரிக்கும்.

"பள்ளிக்கூடம் எத்தன மணிக்குலே?" என்று கேட்டார் ஒருநாள்.

"ஒம்பதே காலுக்குப்பா."

பொய். ஒன்பதுக்கு. அவர் அவசரமாகச் சாப்பிட்டால் புரையேறும், அதனால் சொன்னேன் என்று இப்போது பெருமையாக எழுதலாம்தான். உண்மையில், மெல்லும்போது கேள்வி கேட்டால் இன்னும் மெதுவாக மெல்லுவார் என்ற பயம்.

நம் பள்ளிக்கூட மணி நினைவிருக்கிறதா? உடைத்த கப்பல் ஒன்றிலிருந்து வந்த வெண்கல மணி. அடியில் ஒரு கீறல். அதனால் 'டாங்' என்று தொடங்கி 'ழீ' என்று முடியும். காலை ஒன்பதுக்கு மில் சங்கு ஊதும். சங்கு ஊதியதும் பியூன் அண்ணாச்சி மணியடிக்க வேண்டும். மணி அடித்தால் கேட் மூடும். பிந்தி வந்தவன் வெளியே மணலில் முட்டி போட வேண்டும்.

அண்ணாச்சி திரேஸ்புரத்துக்காரர். வாலிபத்தில் சங்கு குளித்தவர். ஆழத்தில் முங்கி முங்கி வலது காது போய்விட்டது, இடது காது நன்றாகக் கேட்கும். ஆனால் தலைமை ஆசிரியரிடம் அவர் இரண்டு காதுமே செவிடு என்று சொல்லி வைத்திருந்தார். "சங்கு ஊதுறது நமக்கு எங்கய்யா கேக்கு? மில்லு ஆளுவ சைக்கிள்ல வெளிய வாரதப் பாத்துத்தான் அடிக்கேன்." தலைமை ஆசிரியரும் சரி என்று விட்டுவிட்டார். மில் ஆட்கள் நம் கேட்டைத் தாண்ட நாலு நிமிடம் ஆகும். அதில் ஒரு நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

முதல் தடவை நான் பிந்தி வந்து முட்டி போட்டபோது, கேட்டுக்கு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏலே, எங்கன போய்ச் சுத்திட்டு வார?"

சொன்னேன். கிட்டங்கி, தூக்குப்போணி, அப்பாவின் தாடை, எல்லாம். தாடை அசைவதை நடித்தும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நான் தெருமுனை திரும்பும்போது சங்கு ஊதி முடிந்து மில் சைக்கிள்களும் போய்விட்டிருந்தன. அண்ணாச்சி மணிக்கயிற்றைப் பிடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்குள் கால் வைத்தேன். 'டாங்... ழீ.'

அதற்குப் பிறகு தினமும் இப்படித்தான். நானூறு பிள்ளைகளும் பதினைந்து வாத்தியார்களும் உள்ள பள்ளிக்கூடம், நான் வந்து சேர்ந்த பிறகுதான் திறந்தது. மந்திரிக்குக்கூட இந்த மரியாதை கிடையாது.

ஒருநாள் மூச்சு வாங்க ஓடி வந்தவனிடம் சொன்னார். "மெதுவா வாலே மச்சான். கயிறு எங்கையிலதான இருக்கு?"

"மச்சானா?" என்றேன். எனக்குப் பதினொரு வயது, அவருக்கு ஐம்பது இருக்கும்.

"எங்காளுவ குளிக்கப் போனா, மேல வள்ளத்துல நின்னு கயிறு பிடிக்கிறவன் மச்சினனாத்தான் இருக்கணும். அக்கா தாலி அவன் கையில இருக்கில்லா? முங்குனவன் வாரதுக்குள்ள கயித்த விட்டுட்டு பீடி குடிக்கப் போவ மாட்டான். நீ முங்குத, நான் பிடிக்கேன். அப்ப நீ எனக்கு மச்சான்தான?"

எனக்கு இதைவிடப் பெரிய பட்டம் அதற்குப் பின்னால் யாரும் தரவில்லை.

அப்போதுதான் அந்தப் பயிற்சி டீச்சர் வந்தார். உங்களுக்கு அவருடைய மஞ்சள் குடை நினைவிருக்கும். மதுரைப் பக்கம். ஆசிரியர் பயிற்சிக்காக ஒரு மாதம் நம் வகுப்பை எடுத்தார். அத்தோடு ஓர் ஆய்வும் எழுத வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் நன்றியுணர்வை அளப்பது எப்படி என்பது தலைப்பு. நம்மை எல்லாம் 'கண்ணுகளா' என்று கூப்பிட்டார். அதுவரை நம்மை அப்படிக் கூப்பிட்டவர் யார்? நாம் விழுந்துவிட்டோம்.

முத்துக் குளிக்கிற ஊர் என்பதால் சிப்பியை வைத்தே அளக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. தரையில் சாக்பீஸால் ஐந்து வட்டம். அம்மா, அப்பா, ஆசிரியர், நண்பர், கடவுள். பிள்ளைக்குப் பத்துச் சிப்பி. யாருக்கு எவ்வளவு நன்றியோ அந்த வட்டத்தில் அவ்வளவு சிப்பி வைக்க வேண்டும். சிப்பி பொறுக்கி வர யார் போகிறீர்கள் என்றார். நானும் என் கடைசி பெஞ்சுக் கூட்டாளியும் கை தூக்கினோம். இன்று குழுவில் ரோஜாப்பூ போடுகிறவன் அவன்தான்.

திரேஸ்புரம் கரையில் சிப்பியும் குட்டிச் சங்குமாக ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினோம். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "எதுக்குலே இம்புட்டு?" என்றார். "நன்றி சொல்லதுக்கு" என்றேன். "யாருக்குலே, கடலுக்கா?" என்றார்.

இப்போது ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். காலி ஓடு எது, உள்ளே குட்டி நண்டு குடியிருக்கிற ஓடு எது என்று நம்மூர்ப் பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் பொறுக்கினேன். பாதிக்குப் பாதி கலந்தேன்.

மறுநாள் எல்லோரும் பயபக்தியோடு வட்டங்களில் வைத்தீர்கள். டீச்சர் நோட்டை எடுத்து எண்ணத் தொடங்கினார். கடவுள் வட்டத்திலிருந்து மூன்று நன்றிகள் காலை நீட்டி எழுந்தன. எழுந்து ஆசிரியர் வட்டத்துக்குப் போயின. அம்மாவுக்கு வைத்த நன்றி அப்பாவிடம் போனது. நண்பருக்கு வைத்தது வாசலைப் பார்த்து நடந்தது. ஒருத்தி பெஞ்சுமேல் ஏறி நின்று கத்தினாள். என் வாழ்நாளில் நான் செய்த குறும்புகளில் அதுதான் தலையாயது. இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. உடனே நின்றும்விடுகிறது.

டீச்சரும் முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "இத வச்சுத்தான் கண்ணுகளா எனக்கு மார்க்கே போடுவாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் கொண்டு வந்தது என்று கேட்கவே இல்லை. கேட்டு இரண்டு அடி போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

மறுநாள் சிப்பிக்குப் பதில் தாள் வந்தது. உதவி செய்தவர் யார், என்ன உதவி, அதற்குப் பத்துக்கு எத்தனை நன்றி மார்க். "மனசத் தொறந்து எழுதுங்க. பேரு வேண்டாம். நான் மட்டும்தான் படிப்பேன், சத்தியம்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தாளின் பின்பக்க மூலையிலும் பென்சிலால் வருகை எண் இருந்ததை நான் பார்க்கவில்லை. நீங்கள் யாராவது பார்த்தீர்களா?

நண்டுக் குற்றத்தின் பாரம் என்மேல் இருந்தது. அதுவரை எந்த வாத்தியாரிடமும் ஒரு முழு உண்மை சொல்லியிராத நான், அன்று சொன்னேன். அம்மாவுக்கு எட்டு. அப்பாவுக்கு ஆறு, மெதுவாக மெல்லுவதற்கு நாலு கழித்து. பியூன் அண்ணாச்சிக்குப் பத்து. 'எனக்காகத்தான் மணியைப் பிந்தி அடிக்கிறார். சங்கு ஊதுவது அவருக்கு இடது காதில் கேட்கும். ஆனாலும் நான் வரும்வரை கயிற்றை விட மாட்டார். நான் அவருக்கு மச்சான்.' தாள் போதாமல் ஓரத்தில் மணியின் படமும் வரைந்தேன். கீறலோடு.

கடைசி நாள் டீச்சர் எனக்குப் பரிசு கொடுத்தார். திருச்செந்தூர்க் கடைகளில் விற்குமே, மூடியில் சிப்பி ஒட்டிய சின்னப் பெட்டி, அது. "இந்த வகுப்பிலேயே நன்றிக்குப் பத்துக்குப் பத்து போட்டு, மனசத் தொறந்து எழுதினது இந்தக் கண்ணுதான்" என்றார். யாருக்குப் போட்டேன், ஏன் போட்டேன் என்பதைச் சொல்லவில்லை. கை தட்டினீர்கள். அன்றைக்கு வைத்த பெயர்தான் 'பத்து மார்க்'.

அரைமணி கழித்துத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். அவரும் ஒரு பரிசு வைத்திருப்பார் என்று நினைத்து, முதல் பரிசைக் கையில் பிடித்தபடியே போனேன் நான்.

மேசைமேல் என் தாள் இருந்தது, பக்கத்தில் டீச்சர் நின்றார். டீச்சரின் ஆய்வுக்குத் தலைமை ஆசிரியர் கையெழுத்து வேண்டும். சிறந்த விடைக்கு எடுத்துக்காட்டாக என் தாளை டீச்சர் அதன்மேல் குத்தி வைத்திருந்தார். அண்ணாச்சி சுவரோரம் நின்றார், கேட்காத வலது காதை எங்கள் பக்கம் திருப்பி.

நான் டீச்சரைப் பார்த்தேன். "டீச்சர், நீங்க மட்டும்தான் படிப்பேன்னு..."

"தலைமை ஆசிரியர் என்ன வேத்து ஆளா கண்ணு?" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தலைமை ஆசிரியர் தாளை உரக்கப் படித்தார். படித்து முடித்து, "என்னவே, ரெண்டு காதும் அவுட்டுன்னீரு? ஆறு வருசமா என்னை மடையனாக்கிட்டிருக்கீரு?" என்றார்.

அண்ணாச்சி கையைக் காதில் குவித்து, "என்னய்யா சொல்லுதிய?" என்றார்.

என்னைக் காப்பாற்ற இல்லை. தன் வேலையைக் காப்பாற்றத்தான் கேட்டார். அதற்கு ஒரே ஒரு ஆள் உதவ முடியும். நான் சும்மா கதை எழுதினேன் சார் என்று சொல்ல வேண்டியதுதான். வாயைத் திறந்தால் பொய் வருகிற பையன் நான். நண்டை நன்றியாக்கியவன். ஒரு பொய், ஐந்தே வார்த்தை.

"நீ சொல்லு. இவருக்குக் கேக்குமா, கேக்காதா?"

டீச்சர் என் தோளில் கை வைத்தார். "பயப்படாத. நன்றியுள்ள பிள்ளை பொய் சொல்லாது."

கையில் பரிசுப் பெட்டி இருந்தது. தோளில் அந்தக் கை இருந்தது. நான் தலையைக் குனிந்து, எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

"கேக்கும் சார்."

அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார்.

அவ்வளவுதான். அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. கூப்பிடாமலே திரும்பிய அந்தத் தலையைத் தலைமை ஆசிரியர் பார்த்தார். டீச்சரும் பார்த்தார். அண்ணாச்சி என்னைக் கோபமாகத்தான் பார்த்திருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை. கீழே இருக்கும்போது கயிறு தளர்ந்தால் குளிக்கிறவன் மேலே எப்படிப் பார்ப்பானோ, அப்படி.

நிர்வாகத்துக்கு ஓட்டப்பிடாரம் பக்கம் இன்னொரு பள்ளிக்கூடம் இருந்தது. அண்ணாச்சியை அங்கே மாற்றிவிட்டார்கள். கடல் காற்று எட்டாத கரிசல் காடு. வேலையை விட்டு எடுக்கவில்லையே, பெரிய மனதுதான் என்று வாத்தியார்கள் பேசிக்கொண்டார்கள். திங்கட்கிழமை மணியடித்தது வேறு ஆள். சங்கு ஓயுமுன்னே 'டாங்... ழீ' கேட்டுவிட்டது. நான் தெருமுனையில் இருந்தேன். மணலில் முட்டி போட்டேன்.

சேதி கிட்டங்கிக்கும் போயிருந்தது. அன்று சாயங்காலம் அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "எனக்கு எத்தன மார்க்குலே போட்ட?"

"ஆறு."

சட்டையைக் கொடியில் போட்டார். "பரவால்ல. பாஸ்தான்" என்றார்.

மறுநாளிலிருந்து காலைச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கிட்டங்கி வாசல் கடையில் ஒரு டீயும் பன்னும் போதுமாம். மாலையில் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். நான் பள்ளிக்குச் சரியான நேரத்துக்குப் போனேன். வருகைப் பதிவில் அந்த வருடம் எனக்கு நல்ல பெயர். சிப்பிப் பெட்டியில் என்ன வைத்தேன் என்று கேட்காதீர்கள். எதுவும் வைக்கவில்லை. எப்போது தொலைந்தது என்றும் தெரியவில்லை. தூக்குப்போணியை மட்டும் இன்றைக்கும் தேடுகிறேன்.

டீச்சர் அந்த ஆய்வுக்கு நல்ல மார்க் வாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். எடுத்துக்காட்டு அருமையானது அல்லவா?

அண்ணாச்சியை அதன்பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். நான் கல்லூரியில் படித்த காலம். பழைய பஸ் ஸ்டாண்டில் ஓட்டப்பிடாரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது, கையில் மஞ்சள் பை. நான் சுற்றிக்கொண்டு போய் அவருடைய இடது பக்கம் நின்றேன். எந்தக் காது கேட்கும் என்று எனக்குத் தெரியாதா? ஊருக்கே எழுதிக் கொடுத்தவன்.

"அண்ணாச்சி" என்றேன்.

திரும்பவில்லை.

இன்னும் கிட்டப் போய், "மச்சான்" என்றேன்.

அவர் எதிரே நின்ற பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து கடலை விற்கிறவர் மெல்ல, "பெரியவரே, கொஞ்சம் வழி விடுங்க" என்றார். உடனே விலகி வழிவிட்டார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

இனிமேல் குழுவில் சிலோன், குடி என்று எழுதாதீர்கள். 'பத்து மார்க்' என்று கூப்பிடுங்கள், அது எனக்கு வேண்டியதுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேத்தி எதிரில் உட்கார்ந்து தன் தாளை முடித்துவிட்டாள். "தாத்தா, ஒங்களுக்கு அஞ்சாவது மூஞ்சி போட்டிருக்கேன். என்ன ஒதவின்னும் எழுதிட்டேன்" என்றாள். என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். சர்க்கரை வியாதிக்காரனான நான், டியூஷன் விட்டுக் கூட்டி வரும் வழியில் பேக்கரியில் அவளுக்கு இனிப்பு மக்ரூன் வாங்கித் தருவேன். அதில் எனக்கும் இரண்டு. வீட்டில் யாருக்கும் தெரியாது. "தாத்தா, அம்மாட்டக் கையெழுத்து வாங்கட்டா?"

நான் தலையைத் தூக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தேன்.

"தாத்தா... தாத்தா!"

அடுப்படியிலிருந்து மருமகளின் குரல் வந்தது. "என்னளா கத்துத? தாத்தாவுக்குக் காது கேக்கலியா?"

பேத்தி அம்மாவிடம் ஓடினாள். மிக மெதுவாகத்தான் சொன்னாள்.

"கேக்கும்மா. சும்மா நடிக்காவ."

நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.